சாக்கிப் புழு வாங்கலாமா? உடுமலை, கோபி வட்டாரத்து இளம்புழு மையங்கள் பற்றி

வாங்கலாம். பட்டுப்புழு முட்டையை வாங்கி வந்து வீட்டு மூலையில் பொரிக்க வைப்பதைவிட, மையத்தில் வளர்ந்து இரண்டாம் தோலுரிப்பில் நிற்கும் இளம்புழுவாக (இதுதான் சாக்கிப் புழு) வாங்குவதே கொங்கு நாட்டு வெயிலுக்கும் காற்றுக்கும் பொருத்தம். ஆனால் எல்லா மையத்துப் புழுவும் ஒன்றல்ல. நல்ல மையத்தையும் சுமாரான மையத்தையும் பிரிப்பது விலை அல்ல, மூன்றே விஷயங்கள்: தோலுரிக்கப் புழு எல்லாம் ஒரே நேரத்தில் தூங்குகிறதா, சாக்கிப் புழுவுக்கான மல்பெரித் தோட்டத்துக்குப் பக்கத்துக் காட்டில் என்ன மருந்து அடிக்கிறார்கள், வண்டி எத்தனை மணிக்கு உங்கள் ஷெட்டுக்கு வருகிறது. உடுமலை, மடத்துக்குளம், தாராபுரம் பக்கமும் கோபி, சத்தியமங்கலம் பக்கமும் இந்தச் சேவையை எடுப்பவர்களுக்காக எழுதியது இது.

மையம் விற்பது எட்டு நாள் உழைப்பை. பட்டு அந்துப்பூச்சி முழுக்க மனிதன் கையில் வளர்ந்த பூச்சி. இறக்கை இருந்தும் பறக்காது, கூட்டை விட்டு வந்தபின் எதையும் தின்னாது, இணைசேர்ந்து 500 முட்டை போல இட்டுவிட்டுச் சில நாளில் செத்துப்போகும். தின்னும் வேலை முழுவதும் புழுப் பருவத்தில்தான், அதுவும் மல்பெரி இலை மட்டும். முட்டையிலிருந்து வரும்போது புழுவின் எடை அரை மில்லிகிராமுக்கும் குறைவு. 25 நாளில் அது 4 முதல் 5 கிராம் வரை, அதாவது ஏறக்குறைய 10,000 மடங்கு, பெருக்கிறது. இந்த நாட்களில் புழு நான்கு முறை தோலுரித்து ஐந்து பருவம் கடக்கும். இதில் முதல் இரண்டு பருவத்துக்குத்தான் சாக்கி என்று பெயர். இந்த இரண்டு பருவத்தில் தின்னும் இலை, மொத்த இலையில் நூறில் இரண்டு பங்குகூட இல்லை. ஐந்தாம் பருவத்தில் மட்டும் நூறில் எண்பதுக்கு மேல் தின்றுவிடும். இலைக் கணக்கில் சாக்கி ஒன்றுமே இல்லை என்று தோன்றும். ஆனால் அந்த எட்டு நாளில் பட்டினி கிடந்த புழுவையும், வாடிய இலை தின்ற புழுவையும், பின்னால் எவ்வளவு நல்ல இலை போட்டாலும் தேற்ற முடியாது.

சாக்கிக்கு 27 முதல் 28 டிகிரி வெப்பமும் 85 முதல் 90 சதவீத ஈரப்பதமும் வேண்டும். பங்குனி சித்திரையில் உடுமலை வெயிலிலும், ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற காற்றிலும் வீட்டு அறையில் இந்த ஈரத்தை நிறுத்துவது பெரும்பாடு. பொடியாக நறுக்கிய தளிர் இலை ஒரு மணி நேரத்தில் சருகாகிவிடும். நூல் நுனி அளவு வாயுள்ள புழு அதைக் கடிக்காது. மையத்தில் ஈரமூட்டி, சூடேற்றி, அடுக்குத் தட்டு, அதற்கென்றே வளர்த்த சாக்கித் தோட்டம் எல்லாம் உண்டு. ஒவ்வொரு விவசாயியும் தனித்தனியே 100, 150 தொகுதிக்கு (ஒரு தாய்ப்பூச்சி இடும் முட்டை ஒரு தொகுதி) இத்தனையும் செய்வது வீண்செலவு. மையங்கள் தம் பெயருக்கு உண்மையாக இருக்கும்போது, நாம் கொடுக்கும் காசுக்கு முழு மதிப்பும் இங்கேதான் கிடைக்கிறது.

புழு ஒரே சீராக இருக்கிறதா

மையத்தின் தரத்தைக் காட்டும் முதல் அடையாளம் இது. தட்டைத் திறந்ததும் புழுக்கள் தலையைத் தூக்கி, தோல் இறுகிப் பளபளத்து, அசையாமல் நிற்க வேண்டும். அதுதான் தூக்கம். நூறு புழுவில் ஐந்துக்கு மேல் இன்னும் ஊர்ந்துகொண்டு இலை தேடினால், அந்தத் தட்டு சீரற்றது. மறுபக்கம், பல புழுக்கள் ஏற்கெனவே தோலுரித்துத் தலை பெருத்து, சாம்பல் கலந்த பழுப்பு நிறத்தில் சுருங்கிய தோலோடு நடக்கின்றன என்றால், புழு வழியிலேயே விழித்துவிட்டது. பட்டினியோடு வந்திருக்கிறது என்று பொருள்.

சீர்கேடு பெரும்பாலும் பொரிப்பிலேயே தொடங்குகிறது. முட்டையை 25 டிகிரியில், 75 முதல் 80 சதவீத ஈரத்தில் அடைகாக்க வேண்டும். கருவின் தலை முட்டைக்குள் கரும்புள்ளியாகத் தெரிவது பொரிப்பதற்கு இரண்டு நாள் முன்பு. முட்டை நீலமாக மாறுவது ஒரு நாள் முன்பு. கரும்புள்ளி தெரிந்ததும் தொகுதிகளைக் கறுப்புத் துணியாலோ கறுப்புத் தாளாலோ மூடி இருட்டில் வைக்கிறார்கள். முந்தி வளர்ந்த கரு காத்திருக்க, பிந்திய கரு அதை எட்டிப் பிடிக்கிறது. பொரிக்க வேண்டிய நாள் விடியற்காலை வெளிச்சம் காட்டினால் எல்லாம் சேர்ந்து வெளியே வரும். இருட்டில் வைப்பதை விட்டுவிட்டால் பொரிப்பு இரண்டு மூன்று நாளுக்கு இழுத்துக்கொண்டு போகும். அந்தப் புழுக்களை ஒரே தட்டில் கலந்தால் கூடு கட்டும் நாள் வரை சீர் வராது. “முட்டையை இருட்டு வைத்தீர்களா, எத்தனை மணிக்கு வெளிச்சம் காட்டினீர்கள்?” என்று கேளுங்கள். நல்ல மையம் தேதியும் மணியும் சொல்லும்.

இன்னொரு காரணம் இலை. சாக்கித் தோட்டம் தனியாக இருக்க வேண்டும். எஸ்-36 அல்லது வி-1 ரகமாக, தொழுவுரமும் தண்ணீரும் தட்டாமல் வளர்ந்து, கையில் பிடித்தால் பட்டுப்போல மெத்தென்று இருக்க வேண்டும். கிளை நுனியில் பளபளக்கும் பெரிய இலையை அடையாளம் வைத்து, அதிலிருந்து கீழே எண்ணிப் பறிப்பது முறை. பெரிய புழுவுக்கு வெட்டிய தோட்டத்தின் நுனியைக் கிள்ளிச் சாக்கிக்குப் போடும் மையங்களும் இருக்கின்றன. இலை பார்வைக்குப் பச்சையாகத்தான் இருக்கும், சத்தும் ஈரமும் ஒரே அளவில் இருக்காது. முதல் தடவை ஆர்டர் கொடுக்கும் முன் மையத்தின் தோட்டத்தை நடந்து பார்த்துவிடுங்கள். புழு அறையைக் காட்ட மறுத்தால் தப்பில்லை, நோய்க் காப்புக்காக மறுப்பது நியாயம். தோட்டத்தைக் காட்ட மறுத்தால் வேறு மையம் பாருங்கள்.

பக்கத்துக் காடு

இந்த மதிப்பீட்டிலேயே மிக முக்கியமானது இதுதான். பலரும் கேட்க மறப்பதும் இதைத்தான். 2018இல் படைப்புழு இந்தியாவுக்குள் வந்த பிறகு, உடுமலை, குடிமங்கலம், பல்லடம் பக்கத்து மக்காச்சோளக் காடுகளில் மருந்தடிப்பு பெருகியது. படைப்புழுவும் ஒரு அந்துப்பூச்சியின் புழு, பட்டுப்புழுவும் ஒரு அந்துப்பூச்சியின் புழு. ஒன்றைக் கொல்ல அடிக்கும் குளோரான்ட்ரனிலிப்ரோலும் எமாமெக்டினும் மற்றதற்கு அதைவிடக் கொடிய நஞ்சு. அதிலும் குளோரான்ட்ரனிலிப்ரோல் இலையில் பல வாரம் தங்கும். காற்றில் மிதந்து வந்து மல்பெரி வரப்போரம் படிந்த சிறு அளவே சாக்கிப் புழுவைச் சாய்த்துவிடும். உடனே சாகாத புழு மெலிந்து, தோலுரிக்க முடியாமல் கிடக்கும். தென்னை வெள்ளை ஈக்கும் பருத்தி வெள்ளை ஈக்கும் அடிக்கும் பைரிப்ராக்சிஃபென் போன்ற வளர்ச்சித் தடுப்பு மருந்துகள் வேறு மாதிரிக் கெடுக்கும். புழு கடைசி வரை தின்னும், பெருக்கும், கூடு மட்டும் கட்டாது. கோபி, சத்தி பக்கம் புகையிலைக் காடும் கவனிக்க வேண்டியது. புகையிலையின் நிகோடின் காற்றோடு வந்து மல்பெரி இலையில் படிந்தாலே போதும், புழு வாந்தி எடுத்துச் சுருண்டுவிடும்.

அதனால் மையத்தைச் சுற்றி நான்கு புறமும் என்ன வெள்ளாமை என்று பார்த்துவிட்டு வாருங்கள். மக்காச்சோளமோ புகையிலையோ வரப்பை ஒட்டி இருந்து, நடுவே உயிர்வேலியோ போதிய காலி நிலமோ இல்லையென்றால் அது ஆபத்து. பொறுப்பான மையம், புதிதாக வெட்டிய இலையை முதலில் கொஞ்சம் புழுவுக்குப் போட்டு ஒரு நாள் பார்த்துவிட்டே மொத்தத்துக்கும் போடும். இதைச் செய்கிறார்களா என்று கேட்பது உங்கள் உரிமை. இதே சோதனையை உங்கள் தோட்டத்திலும் செய்யுங்கள்.

2008இல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டு, மல்பெரித் தோட்டங்கள் வெள்ளையடித்ததுபோல ஆன நாட்களில் மருந்து மேல் மருந்து அடித்தும் அது அடங்கவில்லை. 2010இல் அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற சிறு குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. மல்பெரியில் ‘ஒரு தடவை மட்டும்’ மருந்து என்று யாராவது சொன்னால் அந்தக் குளவியை நினைத்துக்கொள்ளுங்கள். மாவுப்பூச்சிக்கு அடித்த மருந்தில் அந்தக் குளவியும் சாகும்.

வண்டி வரும் நேரம்

இரண்டாம் தோலுரிப்பு ஏறக்குறைய ஒரு நாள் நீடிக்கும். அந்த நேரத்தில் புழு தின்னாது, அதனால்தான் அப்போது ஏற்றுகிறார்கள். மாலையில் தூங்கத் தொடங்கிய புழுவை விடியற்காலை ஏற்றி, வெயில் ஏறுமுன் இறக்கினால் நிம்மதியாக இருக்கும். பத்து மணிக்கு மேல் கூரை சூடேறிய வண்டியில், தட்டுகள் நெருக்கி அடுக்கி, காற்றோட்டம் இல்லாமல் வந்தால் புழு புழுங்கிவிடும். சாகாது, ஆனால் மூன்றாம் பருவத்திலேயே சோர்வு தெரியும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் தூரமுள்ள மையத்தில் கோடையில் வாங்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. அங்கே விலை குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

இன்னொரு குறை பல மையங்களில் உண்டு. ஒரே வண்டியில் ஏழெட்டு ஊருக்குப் புழு போகிறது. கடைசி ஊருக்கு வண்டி சேரும்போது வெயில் உச்சியில் நிற்கும். நீங்கள் எத்தனையாவது ஆள் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வண்டி வந்ததும் ரசீதில் முட்டைத் தொகுதி எண், முட்டை தயாரித்த இடம், பொரித்த தேதி, தூங்கத் தொடங்கிய நேரம் இந்த நான்கும் இருக்கிறதா என்று பாருங்கள். மத்திய பட்டு வாரியச் சட்டத்தின் 2006 திருத்தத்துக்குப் பிறகு முட்டை உற்பத்தியாளரும் சாக்கி மையமும் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண் இல்லாத ரசீதை வாங்காதீர்கள். அளவைச் சரிபார்க்க, தட்டில் ஓர் அரையடிச் சதுரத்துக்குள் இருக்கும் புழுவை எண்ணி, புழு பரந்திருக்கும் பரப்புக்குப் பெருக்குங்கள். 100 தொகுதிக்கு 50,000 முட்டை என்றால், 95 சதவீதப் பொரிப்பில் 47,500 புழு. இதில் நாலைந்து சதவீதம் குறைந்தால் சண்டை போட வேண்டியதில்லை. பதினைந்து சதவீதம் குறைந்தால் பேசியே ஆக வேண்டும்.

புழு இறங்கியதும் நம் பக்கம்

பாதித் தவறு ஷெட்டில் நடக்கிறது. புழு வருவதற்கு மூன்று நான்கு நாள் முன்பே ஷெட்டைக் கழுவிச் சுத்தம் செய்திருக்க வேண்டும். 10 லிட்டர் தண்ணீரில் 200 கிராம் பிளீச்சிங் பவுடரும் 30 கிராம் நீர்த்த சுண்ணாம்பும் கரைத்துச் சுவர், தரை, தாங்கி, வலை எல்லாம் நனைய அடியுங்கள். பிளீச்சிங் பவுடர் குளோரின் வாசனை தூக்கலாக அடிக்கிற புதுப் பவுடராக இருக்க வேண்டும். திறந்து கிடந்த பழைய மூட்டையால் பயனில்லை. இரும்புத் தாங்கியைத் துரு பிடிக்கவைக்கும் என்பதால் அதற்குப் பிறகு தண்ணீர் ஊற்றித் துடைத்துவிடுங்கள். புழுவின் மேல் முட்டையிடும் ஊசி ஈ நுழையாதபடி ஜன்னலுக்கும் வாசலுக்கும் நைலான் வலை இருக்க வேண்டும்.

இறக்கிய உடனே இலை போடாதீர்கள். பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான். படுக்கை உலர நீர்த்த சுண்ணாம்புத் தூளை மெல்லிய துணியில் கட்டித் தூவிவிட்டுக் காத்திருங்கள். நூறில் 95 புழு தோலுரித்து நடந்த பிறகு, விஜேதா போன்ற படுக்கைத் தூளை (புழுவின் மேல் தூவும் கிருமிநாசினி) சதுர அடிக்கு 5 கிராம் கணக்கில் தூவி, அரை மணி கழித்து முதல் இலை போடுங்கள். இரக்கப்பட்டு முன்னால் விழித்த புழுவுக்கு முதலில் போட்டால், அது தின்று வளரும், பிந்தியது பின்னாலேயே நிற்கும். மையம் உழைத்துக் கொண்டுவந்த சீரை நாமே குலைத்தது போல ஆகும். முதல் இரண்டு வேளைக்குத் தண்டின் நுனிப்பகுதியை மட்டும் போடுங்கள், தடித்த அடி இலை வேண்டாம். மூன்றாம் பருவத்துக்கு 26 டிகிரி, நான்காம் பருவத்துக்கு 25, ஐந்தாம் பருவத்துக்கு 24 என்பது இலக்கு. நம் ஊர் வெயிலில் அதைத் தொட முடியாத நாளில், கூரைக்கு மேல் தென்னங்கீற்றும் தண்ணீர்த் தெளிப்பும், இலையை அதிகாலையில் வெட்டி ஈரச் சாக்கில் மூடி வைப்பதும் பெரிய வித்தியாசம் காட்டும்.

எத்தனை தொகுதி ஆர்டர் செய்வது என்பதில் ஆசைப்பட்டுக் கெட்டுப்போனவர்கள் ஏராளம். ஆண்டுக்கு இரு தலைமுறை காணும் இருபருவ (பைவோல்டைன்) கலப்பினப் புழு 100 தொகுதிக்கு 1,000 முதல் 1,200 கிலோ இலை வேண்டும். கணக்கு எளிது: புழு ஆர்டர் செய்யும் முன் பத்துச் செடி அறுத்து இலையை மட்டும் உருவி எடை போடுங்கள். 5 அடியும் 3 அடியும் மாறிவரும் இரட்டை வரிசையில், செடிக்குச் செடி 2 அடியில் நட்டிருந்தால் ஏக்கருக்கு 5,445 செடி. பத்துச் செடியில் 6 கிலோ இலை வந்தால் ஏக்கருக்கு 3,267 கிலோ. 1,200 கிலோ கணக்கிலேயே எடுத்தாலும் 270 தொகுதி தாங்கும். செத்த செடி, பூச்சி, வாடல் எல்லாம் கழித்து 240 கேட்பதே நியாயம். 300 வாங்கிவிட்டு ஐந்தாம் பருவத்தின் நான்காம் நாளில் இலை தேடி ஊர் ஊராக அலைபவருக்கு, கடைசியில் கிடைப்பது மெல்லிய கூடுதான். வெளியில் வாங்கிய இலையில் மருந்து இருந்தால் அந்தக் கூடும் இல்லை.

புழு செத்தால் யார் பக்கம் தவறு

இந்தப் பேச்சில்தான் மையத்துக்கும் விவசாயிக்கும் கசப்பு வருகிறது. நோயின் முகத்தையும் அது தெரிந்த நாளையும் வைத்துப் பெரும்பாலும் சொல்லிவிடலாம். புழு ஒன்றுக்கொன்று அளவு பொருந்தாமல், மந்தமாக, தோலில் மிளகுப் பொடி தூவியதுபோலப் புள்ளிகளோடு, மூன்றாம் நான்காம் பருவத்தில் சாகத் தொடங்கினால் அது பெப்ரின். தாய்ப்பூச்சியிடமிருந்து முட்டை வழியாக வருவது. 1860களில் பிரான்சில் பட்டுத் தொழிலே சரிந்தபோது, லூயி பாஸ்டர் தாய்ப்பூச்சியை நசுக்கி நுண்ணோக்கியில் பார்த்து, நோயற்ற முட்டையைப் பிரிக்கும் முறையை வகுத்தார். ‘நோயற்ற முட்டைத் தொகுதி’ என்று இன்று ரசீதில் எழுதுவது அதன் தொடர்ச்சி. பெப்ரின் வந்தால் முட்டை உற்பத்தியாளர் வரை கேட்கலாம், செத்த புழுவை உடனே பட்டு வளர்ச்சித் துறையிடம் சோதனைக்குக் கொடுங்கள்.

பால்புழு நோய் வேறு. தோல் பளபளத்து, கணுக்கணுவாக வீங்கி, தொட்டால் பால்போல நீர் வடிந்து, படுக்கை விளிம்பில் சுற்றித்திரியும். கிருமி வயிற்றுக்குள் போன பிறகு வெளியே தெரிய ஐந்து நாள் போல ஆகும். அதனால் புழு இறங்கி மூன்று நான்கு நாளுக்குள் பால்புழு கூட்டமாகத் தெரிந்தால் தொற்று மையத்திலேயே நுழைந்திருக்கும். ஐந்தாம் பருவத்தின் கடைசியில் வந்தால் ஷெட்டையும் வெப்பத்தையும்தான் பார்க்க வேண்டும். சுண்ணாம்புக்கட்டி நோய், அதாவது செத்த புழு விறைத்து வெள்ளையாவது, ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் ஷெட்டில் வரும் பூஞ்சை. மையத்தைக் குறை சொல்ல இடமில்லை. உடம்பில் ஒரே ஒரு கறுப்புத் தழும்பு இருந்தால் ஊசி ஈ, அதுவும் ஷெட்டின் வலைக் கிழிசல்தான். இலை போட்ட சில மணி நேரத்தில் கூட்டமாக வாந்தி எடுத்து நெளிந்து சுருங்கினால் நஞ்சு: கடைசியாக வெட்டிய இலை எந்தப் பாத்தியிலிருந்து வந்ததோ அங்கே போய்ப் பாருங்கள்.

விலையைப் பொறுத்தவரை, மையத்துக்கு மையம் சொல்லும் தொகையில் எது சேர்ந்திருக்கிறது என்பதே கேள்வி. முட்டை விலை, வண்டி வாடகை, படுக்கைத் தூள், இரண்டாம் நாள் ஷெட்டுக்கு வந்து பார்ப்பது இவை சேர்ந்தனவா தனியா என்று பிரித்துக் கேளுங்கள். வந்து பார்க்கும் ஆளை அனுப்பும் மையத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது தகும். 100 தொகுதிக்கு 75 கிலோ கூடு எடுத்தால், ஒரு கூடு 1.8 கிராம் என்று வைத்து ஏறக்குறைய 41,700 கூடு. சீரற்ற புழுவால் இதில் பத்தில் ஒன்று போனால் 7 கிலோவுக்கு மேல் நஷ்டம், சாக்கி விலையில் மிச்சம் பிடித்தது எல்லாம் அதிலேயே போய்விடும். ராமநகரமோ தருமபுரியோ எந்தச் சந்தைக்குப் போனாலும் நல்லதும் மோசமும் கலந்த கூட்டுக்கு விலை இறங்கும்.

கடைசியாகக் காலித் தட்டு. புழுவை இறக்கியபின் மையத்துத் தட்டுகள் திரும்பிப் போகின்றன. பால்புழு வந்த ஷெட்டின் தட்டு கழுவாமல் போனால், அடுத்த வாரம் அதே தட்டில் வேறொரு ஊர் விவசாயியின் புழு ஏறும். திரும்ப வந்த தட்டை மையம் எங்கே கழுவுகிறது, பிளீச்சிங் கரைசலில் முக்குகிறதா, வெயிலில் காய வைக்கிறதா என்று கேளுங்கள். சாக்கி அறையின் வாசலிலேயே இறக்கி அடுக்குகிறார்கள் என்றால் அந்த மையத்தில் ஆர்டர் கொடுக்க வேண்டாம். உங்கள் ஷெட்டிலிருந்து போகும் தட்டையும் கழுவிக் காயவைத்தே அனுப்புங்கள்.